சாட்டுக்கு முந்தின பஸ்

அத்தியாயம் 11

போன வாரம் கந்தப்பனை ஏலப்பாறை பஸ் நிறுத்தத்தில் கொட்டுகிற மழையில் இறக்கிவிட்டு நாம் பாட்டுக்குப் போய்விட்டோம். அது நியாயமா என்று நான்கைந்து வாசகிகள் கேட்டு எழுதியிருக்கிறார்கள். அவனிடம் குடை இருந்தது. அவனுக்காக இரக்கப்படுவதை இந்த வாரம் கொஞ்சம் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து.

நனையாமல் எஸ்டேட் குவார்ட்டர்ஸுக்குப் போய்ச் சேர்ந்து, தங்கை சுப்பாத்தாள் போட்ட தோசையைச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து, இப்போது காலை ஒன்பது மணிக்கு முன்னறை மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். தங்கை கணவர் குப்பண்ணன் இந்த எஸ்டேட்டின் கம்பவுண்டர். மேல் டிவிஷனில் யாருக்கோ காய்ச்சல் என்று விடியற்காலையிலேயே போய்விட்டார். ஆறு வயது மகள் பொன்னாத்தாள் பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

மேஜைமேல் எண்பத்தொரு வரிகள் கொண்ட ஓர் அட்டவணை. ஒவ்வொரு வரியும் ஒரு பிள்ளை. சித்திரை, வைகாசி இரண்டு மாதத்தில் இந்த எஸ்டேட்டில் தட்டம்மை கண்ட பிள்ளைகள். வைகாசிக் கடைசியில் ஒரு தடவை வந்து வீடு வீடாகக் கேட்டு எழுதிக்கொண்டு போனது. பெயர் கிடையாது. எண், வயது, தொழிலாளர் வரிசை வீடுகளில் எந்த லயம், தடிப்பு தெரிந்த தேதி, அவ்வளவுதான். மூன்று வரிகளின் ஓரத்தில் மட்டும் சிறியதாக ஒரு சிலுவைக் குறி போட்டிருந்தான். அந்த மூன்று பிள்ளைகளும் பிழைக்கவில்லை.

அட்டவணைக்கு மேலே ஒரு கட்டம் காலியாக இருந்தது. எஸ்டேட்டுக்குள் நோய் எங்கிருந்து வந்தது என்று எழுதவேண்டிய கட்டம்.

"அந்த ஒரு கட்டத்தை நிரப்பி உடனே அனுப்பு" என்று சென்னையிலிருந்து பேராசிரியர் எழுதியிருந்தார். "விசாரித்தும் தெரியவில்லையென்றால், தெரியவில்லை என்றே போடு. அதில் தப்பில்லை. சனிக்கிழமைக்குள் வந்துவிட்டால் கட்டுரை லண்டனுக்குப் போய்விடும். கட்டுரை போனால் பின்னாலேயே நீயும் போவாய்."

கந்தப்பன் இந்தக் கணக்குக்குள் வந்து விழுந்த கதை பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்கு நாலு வரி. எருத்தேன்பதியில் நிலக்கடலை போடுகிற காளிச்சாமியின் ஒரே மகன். கணக்குப் படித்துவிட்டு ஒரு சுகாதார அலுவலகத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்தான். ஊர் ஊராக வருகிற காலரா, அம்மை எண்ணிக்கைகளைக் கூட்டி மேலே அனுப்புவது வேலை. மற்றவர்கள் கூட்டி முடித்ததும் டீ குடிக்கப் போனார்கள். இவன் பத்து வருடத்துப் பழைய தாள்களை எடுத்துத் தரையில் பரப்பி, தட்டம்மை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் ஏறி இறங்குவதைப் பார்த்தான். நோய் காணாத புதுப் பிள்ளைகள் போதுமான அளவு சேர்ந்ததும் அது மூளுகிறது. எல்லாருக்கும் வந்து முடிந்ததும் அணைகிறது. இதைச் சமன்பாடாக எழுதலாம், எழுதினால் அடுத்தது எப்போது என்று சொல்லலாம் என்று ஒரு பேராசிரியர் சொல்ல, அரசாங்க வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு ஓடினான். அப்பா ஒரு வருடம் பேசவில்லை. பேசியபோதும், "கொளந்தைங்களுக்குச் சீக்கு வாரதக் கணக்குப் போட்டுப் பொளைக்கறானாமா" என்று மாட்டைப் பார்த்துச் சொன்னார்.

அவன் சென்னைக்கு ஓடியது நாலு வருடத்துக்கு முன்னால். இப்போது 1978. கந்தப்பனுக்கு வயது முப்பது, கையில் லண்டன் கடிதம் வரப்போகிறது, ஒரே ஒரு கட்டம் காலி.

அந்தக் கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்ததுதான் தொல்லை.

டிஸ்பென்சரி நோட்டில் முதல் தட்டம்மை ஏப்ரல் இருபத்தாறாம் தேதி. நாலாவது லயத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், ஒரே நாளில். தட்டம்மை ஒரு பிள்ளையிடமிருந்து அடுத்த பிள்ளைக்குப் போய்த் தடிப்பாகத் தெரியப் பத்திலிருந்து பதினாலு நாள் ஆகும். அப்படியானால் ஏப்ரல் பதினைந்தை ஒட்டி இன்னொரு பிள்ளைக்குத் தடிப்பு வந்திருக்கவேண்டும். நோட்டில் அப்படி யாரும் இல்லை.

நோட்டில் இல்லாத காரணம் எளிது. அந்தப் பிள்ளை நோட்டு எழுதுகிறவரின் சொந்த மகள். ஆத்தா வந்த வீட்டில் மருந்து வாசமே கூடாது என்பது எருத்தேன்பதி வழக்கம். ஊருக்கெல்லாம் மருந்து கலக்குகிற கம்பவுண்டர், தன் மகளுக்கு அம்மை கண்டபோது கதவைச் சாத்தி, வேப்பிலை செருகி, மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை வாயே திறக்கவில்லை. நோட்டிலும் எழுதவில்லை, ஆபீசிலும் சொல்லவில்லை.

சரி, பொன்னாத்தாளுக்கு எங்கிருந்து வந்தது? அதற்குத்தான் நாம் ஏப்ரல் முதல் வாரத்துக்குப் போகவேண்டும்.

சுப்பாத்தாள் மகளுடன் பிறந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. கந்தப்பனும் சென்னையிலிருந்து வந்திருந்தான். அந்த வாரம் கிழக்கு வீதியில் இரண்டு பிள்ளைகளுக்கு அம்மை கண்டது. உடனே ஊர் கூடியது. செவ்வாய்க்கிழமை மாரியாத்தா நோம்பி சாட்டிவிடுவது என்று முடிவானது.

சாட்டுவது என்றால் என்ன என்று மலைநாட்டு வாசகர்கள் கேட்கக்கூடும். திருவிழாவை அறிவித்து ஊரைக் கட்டுவது. சாட்டிவிட்டால் ஊர்க்காரர் யாரும் வெளியூரில் ராத்தங்கக்கூடாது. பதினைந்து நாள், கோயில் முன்னால் நட்ட கம்பத்தைப் பிடுங்குகிறவரைக்கும் அந்தந்த ஊர்ச் சனம் அந்தந்த ஊரில்தான் படுக்கவேண்டும். அம்மை பரவாமல் தடுக்க இதைவிட நல்ல ஏற்பாட்டை எந்தச் சுகாதார அதிகாரியும் செய்துவிடமுடியாது.

ஒரே ஒரு ஓட்டை. சாட்டு செவ்வாய்க்கிழமை என்று ஞாயிற்றுக்கிழமையே தெரிந்துவிடும். அப்புறம் என்ன நடக்கும்? வெளியூரில் வேலை உள்ளவன், மகளைப் புருஷன் வீட்டில் விடவேண்டியவன், சந்தைக்கு மாடு ஓட்டவேண்டியவன் எல்லாரும் பதினைந்து நாள் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று திங்கட்கிழமையே கிளம்பிவிடுவார்கள். அந்தத் திங்கட்கிழமை மீனாட்சிபுரத்தில் பொள்ளாச்சி பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஊரை மூடுவதற்கு முந்தின நாள் ஊர் நாலு பக்கமும் சிதறுகிறது.

கந்தப்பன் இதைக் கட்டுரையில் ஒரு பத்தியாக எழுதியிருந்தான். 'பாலக்காட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில்' என்று பொதுவாக. பேராசிரியர் அந்தப் பத்தியின் ஓரத்தில் பென்சிலால் இரண்டு கோடு போட்டு, 'இதற்காகவே உன்னைக் கூப்பிடுவார்கள்' என்று எழுதியிருந்தார். அந்தத் திங்கட்கிழமை பஸ்ஸில், தங்கை மகளை மடியில் வைத்துக்கொண்டு தானும் உட்கார்ந்திருந்ததைக் கந்தப்பன் எழுதவில்லை.

"நோம்பிக்கு இருந்துட்டுப் போகட்டும்டா" என்று அம்மா கருப்பாத்தாள் கெஞ்சினாள். கேட்காமல் கிளப்பியவன் இவன்தான். எஸ்டேட் ஆபீசில் பிறப்பு ரிஜிஸ்தரை நகலெடுக்க அனுமதி கிடைத்திருந்தது. தங்கை இல்லாத வீட்டில் போய்த் தங்கினால் மூன்று வேளையும் ஓட்டல். இத்தனைக்கும் கிழக்கு வீதியில் படுத்திருந்த பிள்ளையோடு பொன்னாத்தாள் விளையாடிவிட்டு வந்ததை இரண்டு நாள் முன்னால் இவன் கண்ணாலேயே பார்த்திருந்தான். பஸ்ஸில் அவள் தலை இவன் தோளில் சாய்ந்திருக்க, தடிப்பு எப்போது தெரியும் என்று விரல்விட்டு நாள் எண்ணவும் செய்தான்.

இன்னொன்றும் உண்டு. அதை எழுத எனக்கே கை கூசுகிறது. ஏப்ரல் பதினைந்தாம் தேதி காலை, பொன்னாத்தாளின் காதோரத்தில் முதல் தடிப்பைப் பார்த்தபோது கந்தப்பனுக்கு முதலில் வந்தது சந்தோஷம். அவன் கணக்குக்கு முதல் நாளிலிருந்தே பார்த்தறிய ஒரு நோய் கிடைத்துவிட்டது, அதுவும் நாலு பக்கமும் மலை சூழ்ந்த இடத்தில். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட இருக்கவில்லை. ஆனால் இருந்தது. மே மாதம் ஏழாவது லயத்தில் கொழுந்தெடுக்கும் அழகுத்தாயின் மகன் செத்துப்போனான் என்று தங்கை கடிதம் எழுதிய நாளிலிருந்து அந்த ஒரு நிமிஷத்தை அவனால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

பதினோரு மணிக்கு எஸ்டேட் தபால்காரர் மிக்கேல்ராஜ் வாசலில் வந்து குடையை மடக்கினார்.

"சார், தபால் இருக்கா? பை கட்டப் போறேன். இதை விட்டா இனி நாளைக்குத்தான்."

"ஒரு நிமிஷம் இருங்க."

கந்தப்பன் பேனாவை எடுத்தான். காலிக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லை எழுதினான். அழகான கையெழுத்து. மடித்து, உறையில் போட்டு, ஒட்டிக் கொடுத்தான். மிக்கேல்ராஜ் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினார். அவர் வளைவு திரும்புகிறவரை கந்தப்பன் வாசலில் நின்றான். கூப்பிட்டால் திரும்பியிருப்பார். கூப்பிடவில்லை.

உள்ளே வந்தால் சுப்பாத்தாள் முழங்கையைப் பிடித்தபடி கதவோரம் நின்றிருந்தாள். இரண்டு மாதத்தில் பாதியாக இளைத்திருந்தாள். எஸ்டேட் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்ணா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கோணும்."

"கேளு அம்மிணி."

"அழகுத்தாயி ஊருக்குப் போனவ நேத்துப் பொழுதோட வந்துட்டாளாமா. மகனுக்கு நாப்பதாம் நாள் கும்பிட்டுட்டு வந்திருக்கறா. இன்னைக்கு வேலைக்கு எறங்கலயாமா, லயத்துலதான் இருக்கறாளாம். நான் போயி அவகிட்டச் சொல்லிப்போடலாம்னு இருக்கறன்."

"என்னன்னு?"

"எம்மேலதான் தப்புன்னு."

கந்தப்பன் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"ஆத்தா வீதிக்கு வந்துட்டா. சாட்டப் போறாங்கன்னு தெரியும். தெரிஞ்சும் சாட்டுக்கு நிக்காம முந்தின நாளே நான் பஸ் ஏறிட்டன். வேண்டாம்னு அவளத் தள்ளிப்போட்டு வந்தாப்பல ஆயிருச்சு. அவ எம் பொறத்தாண்டயே மலையேறி வந்துட்டா. என்ர புள்ளையத் தொட்டு உட்டுட்டு, அவ புள்ளைய எடுத்துட்டா." சுப்பாத்தாள் அழவில்லை. பல நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொல்வதுபோலச் சொன்னாள். "நீங்க படிச்சவங்க. ஆத்தா அப்பிடியெல்லாம் வரமாட்டான்னா வரமாட்டான்னு சொல்லுங்க, கேட்டுக்கறன். இல்லாட்டி ஆமான்னு சொல்லுங்க. நான் போயி அவ கால்ல உளுந்துட்டு வாரன்."

எவ்வளவு சுலபமான கேள்வி பாருங்கள். ஆத்தா பஸ் ஏறி வரமாட்டாள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். தங்கை இன்றைக்கு வயிறாரச் சாப்பிடுவாள். கந்தப்பன் அதைத்தான் சொல்ல வாயெடுத்தான்.

"அப்பிடியெல்லாம் இல்ல சுப்பு."

"அப்பறம் எப்பிடி?"

அவன் மேஜைமேல் கிடந்த பேனாவை எடுத்து மூடினான்.

"நான் கெளம்பாம இருந்திருந்தா, இங்க வந்திருக்குமா வந்திருக்காதா? அதச் சொல்லுங்க."

கணக்குப் படித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருந்தாள். அதற்கு ஒரே விடைதான். அடுத்த அறையில் கெட்டில் கொதித்து மூடி ஆடும் சத்தம் கேட்டது. அதை இறக்கி வைத்துவிட்டு வருவாள் என்று நினைத்தான். அவள் நகரவில்லை.

"வந்திருக்காது" என்றான்.

சுப்பாத்தாள் தலையை ஆட்டிக்கொண்டாள். உள்ளே திரும்பப் போனவளை அவனே நிறுத்தினான்.

"இரு. உன்ற தப்பு இல்ல. கெளக்கால வீதியில நாச்சம்மா ஊட்டுப் பையன் படுத்திருந்தானே, பொன்னா அவனோட வெளையாடிட்டு வந்தா. எனக்குத் தெரியும்."

"எனக்குந்தான் தெரியும்."

"உனக்குத் தெரிஞ்சது வேற. அந்த நோவு உள்ள போயிட்டா பத்து நாளைக்கு ஒண்ணுமே தெரியாது. கொளந்தை நல்லா ஆடிட்டிருக்கும். அப்பறம் சளி புடிக்கும், கண்ணு செவக்கும். தடிப்புத் தெரியறதுக்கு மூணு நாலு நாள் முந்தியே பக்கத்துல இருக்கற கொளந்தைங்களுக்குத் தொத்திக்கும். அதான் என்ர படிப்பு. நாலு வருசமா நான் படிக்கறதே அதுதான்."

சுப்பாத்தாள் மேஜைக்கு அருகே வந்தாள்.

"பஸ்ஸுல வாரப்பவே தெரியுமா?"

"வரலாம்னு தெரியும்."

"அம்மா இருக்கச் சொன்னாங்க. பதினஞ்சு நாள் மாட்டிக்குவோம், நாளைக்கே கெளம்புன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஆமா."

"எதுக்கோசரம்ங்ணா?"

"எனக்கு இங்க ஆபீசுல வேலை இருந்துது. நீ இல்லாட்டி ஓட்டல்ல..." அவன் முடிக்கவில்லை.

"சோத்துக்கா?"

கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒரு நிமிஷத்துச் சந்தோஷத்தை அவளிடம் அவன் சொல்லவில்லை. சோற்றுக்காக என்று அவள் நினைத்துக்கொண்டதே அவனுக்குச் சௌகரியமாக இருந்தது. அப்படி இருந்தது என்று தெரிந்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"சளி புடிச்சிருந்தப்ப நீங்க இங்கதான இருந்தீங்க. மூணு நாளும் அவ கிரஷுக்கு ஓடுனா. லீவுல ஊட்டுக்குள்ள இருக்கமாட்டேங்கறான்னு நான் சொன்னதுக்குக்கூடச் சிரிச்சீங்க."

கிரஷ் என்பது, கொழுந்தெடுக்கப் போகும் அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுச்செல்லும் கொட்டகை. நாற்பது பிள்ளைகள் ஒரே பாயில் தூங்கும் இடம்.

"ஆமா" என்றான்.

"ஆத்தாளா இருந்தா பொங்க வெச்சு, மாவெளக்கு எடுத்து, தப்புத்தான் தாயேன்னு உளுந்து கும்பிட்டுக்கலாம். மனசு ஆறிரும்." சுப்பாத்தாளின் குரல் முதல் தடவையாக உடைந்தது. "நீங்களா இருந்தா நான் என்னங்ணா பண்ணட்டும்?"



அவள் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "இப்பத் தபால் குடுத்தீங்களே, அதுல என்ன எழுதுனீங்க?" என்றாள்.

"எங்கிருந்து வந்துதுன்னு தெரியலைன்னு."

சுப்பாத்தாள் அடுப்படிக்குப் போய்க் கெட்டிலை இறக்கிவைத்தாள். மூலையில் இருந்த குடையை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"வாங்க போலாம். நீங்களே சொல்லுங்க."

"சுப்பு, மச்சான யோசி. தன்ர ஊட்டுல அம்மை கண்டத அவரு ஆபீசுக்குச் சொல்லலை. இது வெளிய வந்தா அவரு வேலை போயிரும். குவார்ட்டர்ஸக் காலி பண்ணச் சொல்லிருவாங்க."

"தெரியும்" என்றாள் சுப்பாத்தாள். "அது என்ர பாடு. அதுக்குப் பொறத்தாண்ட நீங்க ஒளிஞ்சுக்காதீங்க."

அண்ணனிடம் அவள் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. கந்தப்பன் செருப்பை மாட்டினான்.

ஏழாவது லயத்துக்கு இறங்கிப் போகும் பாதையில் இருவரும் நடந்தார்கள். பிளாஸ்டிக் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்து, "கம்பவுண்டரம்மா, எங்க கீழ?" என்று கேட்டார்கள். சுப்பாத்தாள் கையை மட்டும் அசைத்தாள். கந்தப்பன் ஒவ்வொரு முகத்தையும் பார்க்காமல் கடக்கப் பார்த்தான். முடியவில்லை. எல்லார் வீட்டிலும் உட்கார்ந்து தேதி கேட்டு எழுதியவன் அவன். இந்த முகத்துக்கு இருபத்திரண்டாம் எண், அந்த முகத்துக்கு நாற்பதும் நாற்பத்தொன்றும் என்று தானாகவே மனசில் ஓடியது.

கதவைத் திறந்த அழகுத்தாயின் முகம் மலர்ந்தது. முப்பது வயது இருக்கும். ஊர்ப்பயணத்தின் அலுப்பு கண்ணில் இருந்தது.

"நோட்டு சாரா? வாங்க சார். கம்பவுண்டரம்மாவுமா? மழையில எதுக்கு இம்புட்டுத் தூரம்? உள்ள வாங்க, ஒக்காருங்க. கட்டன் டீ போடுதேன்."

"ஒண்ணும் வேண்டாம் அழகுத்தாயி" என்றாள் சுப்பாத்தாள்.

அழகுத்தாய் கேட்கவில்லை. இருந்த ஒரே ஸ்டூலைத் துடைத்துக் கந்தப்பனுக்குப் போட்டாள். சுப்பாத்தாளுக்குப் பாயை விரித்தாள். தண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"நானே ஒங்களைக் கேக்கணும்னு நெனச்சேன் சார். அன்னைக்கு எழுதினீகளே, எம்மவன் பேரு, சின்னமுத்துன்னு. அவன் பேரு வேற எந்தக் காயிதத்துலயும் இல்ல சார். பொறந்தப்பப் பதியல. ஒங்க நோட்டுல மட்டுந்தான் இருக்கு. அது புஸ்தகமா வரும்னீகள்லா, அப்போ பேரு வருமா?"

"பேரு வராதுங்க" என்றான் கந்தப்பன். "நம்பர்தான் வரும்."

"எத்தனாவது நம்பரு?"

"அம்பத்தேழு."

"அம்பத்தேழு" என்று அழகுத்தாய் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மறந்துவிடக் கூடாது என்பதுபோல இன்னொரு தரம் வாய்க்குள் சொன்னாள். "அப்படின்னா அவனுக்கு முன்னால அம்பத்தாறு பிள்ளைக. மொத நம்பரு யாரு சார்?"

சுப்பாத்தாள் அண்ணனைப் பார்த்தாள்.

"நோட்டுல மொத நம்பர் நாலாவது லயத்துப் பிள்ளைங்க. ஆனா அது சரியில்லை. அதுக்கு முன்னால ஒரு பிள்ளை இருக்குது. நான் எழுதலை." கந்தப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "எங்க பொன்னாத்தாங்க. எங்க ஊர்ல அம்மை இருந்துது. அங்கிருந்து கூட்டிட்டு வந்தேன். அவளுக்கு அது ஒட்டியிருக்கலாம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கூட்டிட்டு வந்தேன். அவளுக்குச் சளி புடிச்சப்ப அதுதான்னும் தெரியும். நான் யார்கிட்டயும் சொல்லலை."

அழகுத்தாய் சுப்பாத்தாள் பக்கம் திரும்பினாள். சுப்பாத்தாள் பாயிலிருந்து முன்னால் குனிந்து அவள் காலைத் தொடப்போனாள். அழகுத்தாய் காலை இழுத்துக்கொண்டாள்.

"நீங்க இருங்கம்மா. சார் பேசட்டும்."

மன்னிப்பு என்கிற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொன்னால் இவள் ஏதாவது பதில் சொல்லியாகவேண்டும், அந்தச் சுமையையும் இவள்மேல் ஏற்றுவதா என்று விழுங்கிக்கொண்டான். இன்று அவன் செய்த காரியங்களில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

"அந்தப் பிள்ளைக்குச் சளி ஒழுகிக்கிட்டு இருந்துச்சு" என்றாள் அழகுத்தாய் மெதுவாக. "கிரஷுல பார்த்தேன். எம்மவனை விட்டுட்டுப் போகும்போது, என் சீலையிலதான் மூக்கைத் தொடச்சு விட்டேன். அப்போ நீங்க எங்க சார் இருந்தீக?"

"ஆபீசுல. பெறப்பு ரிஜிஸ்தர் பார்த்துட்டு இருந்தேன்."

"ஆபீசுக்கும் கிரஷுக்கும் நடுவுல ஒரு செவருதான் சார்."

"ஆமாங்க."

"பிள்ளைய ஒரு வாரம் வீட்டுல வச்சிருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வச்சிருப்பேன். எல்லாருமே வச்சிருப்பாக. கூலி போனாப் போகுதுன்னு வச்சிருப்போம்."

அடுப்பில் தண்ணீர் கொதித்துப் பொங்கியது. அழகுத்தாய் எழுந்து போய்த் தூளைப் போட்டாள். வடிகட்டினாள். இரண்டு கிளாஸையும் அவர்கள் முன்னால் வைத்தாள். போட்ட டீயைக் கொட்டுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கந்தப்பன் அதை எடுக்கவும் முடியாமல், விடவும் முடியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடிங்க" என்றாள்.

குடித்தான்.

"எங்கிட்டச் சொல்லிட்டீக. எனக்கு மட்டும் தெரிஞ்சு நான் என்ன செய்ய?" அழகுத்தாய் கதவு நிலையில் சாய்ந்து வெளியே பார்த்தபடி பேசினாள். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு மஸ்டரு. பேரு கூப்பிடுறதுக்கு எல்லாப் பொம்பளைகளும் வரிசையா நிப்பாக. வேலை வாங்குற கண்டக்டரும் இருப்பாரு. அங்க வந்து சொல்லுங்க. இப்போ எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

கந்தப்பன் தங்கையைப் பார்த்தான். மஸ்டரில் சொன்னால் அரைமணி நேரத்தில் மேனேஜர் துரை பங்களாவுக்குச் செய்தி போய்விடும். மதியத்துக்குள் குப்பண்ணனுக்கு ஓலை வரும். குப்பண்ணனோ இந்த நேரம் ஒன்றும் தெரியாமல் மேல் டிவிஷனில் யாருக்கோ நாடி பிடித்துக்கொண்டிருப்பார். அந்தப் பக்கம் மிக்கேல்ராஜின் தபால் பை, 'தெரியவில்லை' என்ற அந்த அழகான கையெழுத்தோடு, குமுளி போய்ச் சேர்ந்திருக்கும்.

சுப்பாத்தாள் அவனைப் பார்க்கவில்லை. காலியான டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்று அவள் தலையசைக்கவும் இல்லை.

"வர்றேங்க" என்றான் கந்தப்பன்.

"நேரமே வந்துருங்க." அழகுத்தாய் கிளாஸ்களை எடுத்துக்கொண்டாள். "செபமாலையம்மா மகளும் எம்மவன் செத்த அந்த வாரந்தான் போனா, ஒங்களுக்குத் தெரியும். செபமாலையம்மாவுக்குக் காது மந்தம். எல்லாருக்கும் சொல்லுற மாதிரி பொதுவாச் சொன்னா அவளுக்கு வெளங்காது. அவ காதுகிட்டப் போயி, சத்தமாச் சொல்லணும்."